தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும்

சென்ற நல்லூர்த் திருவிழாக் காலத்தில் என் தங்கையின் மகள் லண்டன் மாநகரிலிருந்து தன் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையுடன் ஊருக்கு வந்திருந்தாள். பெட்டிகளோடு பெட்டியாகக் குழந்தைக்குரிய தள்ளுவண்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. பிள்ளையை இடுப்பிலே இருத்தியும் ஏணையிலே ஆட்டியும் வளர்த்த நம்மூர்ப் பெரியவர்களுக்கு அது ஒரு காட்சிப் பொருள். கரவெட்டியில் இருக்கும் என் தாயார் அதனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தூக்க இத்தனை பேர் இருக்கேக்கை என்னத்துக்கு மோனை இந்தத் தேர்?" என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆனால் அந்தத் தேர் கரவெட்டிக்குப் போய்ச் சேர்ந்த வழியிலே நடந்த ஒன்று எனக்குச் சிரிப்பைத் தரவில்லை. அதை எழுதுவதற்காகவே இவ்வாரம் பேனாவை எடுத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிக்குப் போக நாங்கள் பஸ் ஏறினோம். வண்டியில் அவ்வளவு நெருக்கம் இல்லை. நடத்துநர் நல்ல பிள்ளை. தள்ளுவண்டியைக் கண்டதுமே கீழே குதித்து, குழந்தையோடு சேர்த்து அதனை அப்படியே மேலே தூக்கி, முன் வாசலுக்கு அருகில் உள்ள வெளியிலே நிறுத்திவிட்டார். "பிள்ளை விழுந்திடாமல் பிடிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று எச்சரிக்கையும் செய்தார். கல்வியங்காடு தாண்டுமுன்னரே குழந்தை உறங்கிப் போயிற்று. தாய் வண்டியை மடிக்க எண்ணிக் குழந்தையை எடுக்கக் கை நீட்டினாள். அவளைத் தடுத்தவன் நான்தான். "நித்திரை கொள்ளுற பிள்ளையை ஏன் எழுப்புறாய்? கிடக்கட்டும்" என்றேன்.

கோப்பாய்த் தரிப்பிலே பஸ் நின்றது. சக்கர நாற்காலியில் ஒரு மனிதர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, மடியிலே ஒரு பொதி. அருகில் பாடசாலைச் சிறுவன் ஒருவன் துணைக்கு நின்றான். நடத்துநர் வாசலில் நின்றபடியே உள்ளே திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலியை வைக்கக் கூடிய ஒரே இடத்தில் எங்கள் தள்ளுவண்டி நின்றது.

"ஐயா, வண்டில் நிக்குது, இடமில்லை. பின்னாலை பஸ் வருது, அதிலை வாங்கோ."

அவர் எட்டி உள்ளே பார்த்தார். குழந்தையைக் கண்டார். "பரவாயில்லைத் தம்பி, பிள்ளை நித்திரை" என்று சொல்லிச் சிரித்தார். "றைட்" என்றது குரல், பஸ் நகர்ந்தது.

நீர்வேலி வரையில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பின்பு மருமகள் மெல்லச் சொன்னாள்: "மாமா, லண்டனிலை எண்டால் நான் மடிச்சிருப்பன். மடிக்காட்டில் சனம் என்னைப் பார்க்கிற பார்வையே வேறை."

சிறுவன் ஒருவனைக் கொண்டு நாற்காலியை மடித்து வாங்கி, அம்மனிதரைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஆசனமொன்றில் இருத்தியிருக்கலாமே என்று அவ்வேளையில் எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை என்பது முழு உண்மையன்று. தோன்றியது, அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உறங்கும் குழந்தை, மடிக்கப்படாத தள்ளுவண்டி, கீழே காத்திருக்கும் சக்கர நாற்காலி: இந்த மூன்றும் சேர்ந்த ஒரு வழக்கு இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது என்பதைப் பின்னர் நான் வாசித்து அறிந்தேன். 2012 பெப்ருவரி 24ஆம் திகதி டக் பாலி என்னும் அன்பர் வெதர்பி என்ற ஊரிலிருந்து லீட்ஸ் நகருக்குச் செல்லத் தம் சக்கர நாற்காலியுடன் பஸ் தரிப்பிலே நின்றார். பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய இடம் இருந்தது. அதில் ஒரு தாய் தள்ளுவண்டியோடு நின்றாள், பிள்ளை உறக்கம். விலகுமாறு சாரதி கேட்டார். வண்டி மடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். தம் நாற்காலியை மடித்துவிட்டுச் சாதாரண ஆசனத்தில் அமர்வதாகவும் பாலி சொல்லிப் பார்த்தார். மடித்த நாற்காலியைப் பத்திரமாக வைக்க வழியில்லை என்று சாரதி அதற்கும் இணங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் லீட்ஸ் நகரிலே பிடிக்க வேண்டிய ரயில் தவறிற்று. பெற்றோருடன் பகலுணவு கொள்ளப் புறப்பட்ட மனிதர், அவர்களிடம் போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்தியது.

இதற்காகவா வழக்கு என்று நம்மிற் பலர் கேட்கக்கூடும். பாலி தொடுத்தார். 2013ஆம் ஆண்டில் லீட்ஸ் நீதிமன்றம் அவருக்கு 5,500 பவுண் நட்டஈடு அளித்தது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஈற்றில் 2017 ஜனவரி 18ஆம் திகதி, ஏழு நீதியரசர் அமர்ந்த அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஒருமுறை கேட்டுவிட்டுச் சாரதி சும்மா இருந்துவிடுவது போதாது. நியாயமின்றி ஒருவர் மறுப்பதாகக் கண்டால் வேண்டுகோளைக் கட்டாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் சில நிமிடம் வண்டியை நகர்த்தாது நிறுத்தியும் பார்க்கலாம் என்றது அத்தீர்ப்பு. எனினும் மறுப்பவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கியே ஆக வேண்டும் என்று நீதியரசர்கள் சொல்லவில்லை. நட்டஈடும் பாலிக்குக் கிட்டவில்லை. பாதி வெற்றிதான். தாய்மார் பலர் இத்தீர்ப்பைக் கண்டு மனம் கொதித்தார்களாம். அந்தக் கொதிப்பையும் நான் குறைத்து மதிக்க மாட்டேன். ஒரு கையிற் பிள்ளையும் மறு கையிற் சாமான் பையுமாக நிற்பவளுக்கு, ஓடும் பஸ்ஸிலே வண்டியை மடி என்பது இலேசான சொல் அன்று.

ஆயினும் அந்த இடம் எப்படி வந்தது என்பதை அறிந்தால் கொதிப்பு சற்றே தணியும். பழைய லண்டன் பஸ்ஸிலே தள்ளுவண்டியை விரித்தபடி ஏற்ற முடியாது. மடித்து, பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு, படி ஏறித்தான் ஆக வேண்டும். 1990களில் சக்கர நாற்காலியில் வாழ்வோர் லண்டன் வீதிகளில் இறங்கிப் போராடினர். கைவிலங்கிட்டுத் தம்மைப் பஸ்களோடு பிணைத்துப் போக்குவரத்தை நிறுத்தினர். அந்தப் போராட்டங்களின் பயனாகவே சட்டம் பிறந்தது, படியில்லாத தாழ்தள பஸ் வந்தது, 1,300 மில்லிமீற்றர் நீளமும் 750 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட அந்த இடமும் வந்தது. 2005ஆம் ஆண்டு முடியும்போது, பழமை கருதி ஓடவிட்ட சில வண்டிகள் நீங்கலாக, லண்டன் பஸ்கள் அனைத்தும் தாழ்தளமாகிவிட்டன. தரை தாழ்ந்தது சக்கர நாற்காலிக்காக. அந்த வாசலாலே தள்ளுவண்டியும் உருண்டு உள்ளே வந்துவிட்டது. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் வாசலில் நிற்க, அவரோடு வந்தவர் பந்தியில் இருந்துவிட்ட கதை அது. அவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டுமா என்பதுதான் ஐந்து ஆண்டுகள் நடந்த வழக்கு.

இவ்விரு வண்டிகளும் மடியக் கற்றுக்கொண்ட வரலாறும் சுவையானது. 1918இல் சுரங்க விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்த அமெரிக்கப் பொறியியலாளர் ஹேர்பேட் எவரெஸ்ட், தம் நாற்காலியை மோட்டார்க் காரிலே ஏற்ற முடியவில்லையே என்று வருந்தி, தம் நண்பர் ஹரி ஜெனிங்ஸ் என்பாருடன் சேர்ந்து 1930களில் இரும்புக் குழாயால் மடிக்கும் நாற்காலியைச் செய்தார். இன்று நம் வைத்தியசாலைகளில் நாம் காணும் நாற்காலிகள் பெரும்பாலும் அதன் சந்ததிகளே. குழந்தையின் தள்ளுவண்டி மடிந்ததோ அதற்குப் பிந்தி, 1965இல். யுத்த காலத்தில் ஸ்பிற்பயர் விமானத்தின் சில்லுக் கால்களை வடிவமைத்த ஓவன் மக்லாறன் என்னும் ஆங்கிலேயர், மகள் பேரப்பிள்ளையோடு பாரமான வண்டியையும் இழுத்துப் பிரயாணம் செய்யப் பட்ட பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடை போலச் சுருங்கும் வண்டியைச் சமைத்தார். நிறை 6 இறாத்தல். இரண்டும் பிரயாணத்துக்காகவே மடிந்தவை என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் பஸ்களிலே முன் ஆசனங்களுக்கு மேல் எழுதியிருப்பதை வாசியாதவர் இல்லை. மதகுருமாருக்கு ஓர் ஆசனம், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒன்று, அங்கவீனருக்கு ஒன்று. நல்ல வழக்கந்தான். மதகுருமாருக்கு நம் சனம் துள்ளி எழும். கைக்குழந்தையோடு ஏறும் தாய்க்கும் பெரும்பாலும் யாரேனும் எழுந்துவிடுவர், அல்லது பிள்ளையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்வர். முன்பின் அறியாத ஒருத்தியின் பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் இப்பழக்கம் லண்டனில் கிடையாது என்று மருமகள் சொன்னாள். அதை நான் பெருமையோடே எழுதுகிறேன். ஆனால் மூன்றாவது ஆசனத்தின் எழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆசனத்துக்கு வர, முழங்கால் உயரத்தில் தொடங்கும் படிகளை ஏற வேண்டும். ஏற முடிந்தவருக்கே அது ஆசனம். சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்த எழுத்தை வெளியிலே நின்று வாசிக்கலாம்.

பஸ்ஸின் தரை ஏன் இவ்வளவு உயரம்? நம் பஸ்களிற் பெரும்பாலானவை லொறிச் சட்டகத்தின் மேற் கட்டியவற்றின் வழிவந்தவை. கீழே சட்டகமும் அச்சும் கிடக்க, மேலே தரை போடப்படுகிறது. இந்தியாவின் நகர பஸ் விதிகளில் மூன்று உயரங்கள் சொல்லப்படுகின்றன: 400, 650, 900 மில்லிமீற்றர். முதலாவதே சரிவுப் பலகை போட்டால் நாற்காலி உருண்டு ஏறக்கூடிய தாழ்தளம். சென்னை மாநகரில் நெடுநாள் வழக்காடலின் பின்னர் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. தரிப்பிலே நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும் வண்டிகள் அவை. யானை மண்டியிடுவது போல என்று ஒருவர் எனக்கு வருணித்தார்.

நம் நாட்டிலே சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்ல வலுவிழந்தோருக்குத் தடை கூடாது என்றது. 2006இல் கட்டடங்களின் வாசல், சரிவு, கழிப்பறை பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கிலே 2011இல் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமெனக் கட்டளையிட்டது. 2016 பெப்ருவரியில் நம் அரசு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டடத்தோடு போக்குவரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வங்கிகளிலும் செயலகங்களிலும் சரிவுப் பாதைகள் தோன்றியிருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். சில, ஆடும் ஏற மாட்டாத செங்குத்து. அது கிடக்கட்டும். வங்கி வாசலிற் சரிவு இருக்கிறது. வங்கிக்குக் கொண்டுபோகும் பஸ்ஸிலே படி இருக்கிறது.

குடாநாட்டுக்கு இது சிறிய விஷயம் அன்று. போரிலே கால் இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும் நம்மிடையே எத்தனை பேர்! 1987 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் இயங்கி வருவதை அறிவீர்கள். காலிழந்தவர் செயற்கைக் காலோடு எப்படியோ படியேறிவிடுவார். முள்ளந்தண்டு முறிந்தவர் என்ன செய்வார்?

அந்தக் காலத்தில் எப்படி என்று கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வேன்: அந்தக் காலம் இதனிலும் மேலானது அன்று. 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றுமுன் தனியார் கம்பனி பஸ்கள் ஓடின. கொடிகாமம் வழியிலே தட்டி வான் ஓடிற்று. தட்டி வானின் பின்புறத்திலே விழுத்தப்பட்ட பலகைத் தட்டியில் மூட்டையும் ஏறும், கோழிக் கூடையும் ஏறும். நடக்க மாட்டாதவரை ஏற்றுவதும் ஏறக்குறைய அம்முறையிலேயே. பொருளாதாரத் தடைக் காலத்திலோ பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் அரிது. சைக்கிளிலே பிள்ளையும் போயிற்று, நோயாளியும் போனார். குடாநாட்டில் நான் கண்ட வாகனங்களுள் சக்கர நாற்காலி தன் சக்கரத்தாலேயே ஏறக்கூடியது ஒன்றுதான்: காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலைக் கடக்கும் பாதை. மிதக்கும் தட்டையான தளமாதலால் அதிலே மோட்டார்ச் சைக்கிளும் உருளும், நாற்காலியும் உருளும். யாரும் யாரையும் தூக்க வேண்டுவதில்லை. அது பழுதாகாமல் ஓடும் நாள்களில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மனிதரை நான் மறுபடி கண்டேன். நாலு நாள் கழித்துச் சைக்கிளிலே கோப்பாய்ப் பக்கம் போனபோது, கடை வாசல் ஒன்றில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். போய் என்னை அறிமுகம் செய்து, அன்று பஸ்ஸிலே நின்ற தள்ளுவண்டி எங்களது என்று சொன்னேன். "ஓமோம், அந்தச் சின்னப் பிள்ளை" என்று முகம் மலர்ந்தார். சீவற்றொழில் செய்தவராம். பனையிலிருந்து விழுந்து பதினொரு வருஷம். அன்று நெல்லியடியிலே மகளின் பிள்ளைக்கு முப்பத்தொன்று. பேரப்பிள்ளைக்கு வாங்கிய சட்டைதான் மடியிலிருந்த பொதி.

"நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீங்களோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அடுத்த பஸ்ஸிலை நிறையச் சனம், நிப்பாட்டேல்லை. மற்றதுக்கு நிண்டு பார்த்திட்டு ஆட்டோ பிடிச்சன். போக, சனம் சாப்பிட்டு எழும்பீட்டுது. அதுக்கென்ன ஐயா, பிள்ளை அங்கைதானே இருக்கு."

ஏற்றியிருந்தால் நாலு பேர் தூக்க வந்திருப்பார்களே என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "தூக்க வருவினம் ஐயா. நல்ல மனசோடைதான் வருவினம். ஆனால் ஒருத்தர் கக்கத்திலை பிடிப்பர், ஒருத்தர் காலிலை பிடிப்பர், வேட்டி ஒரு பக்கம் போகும். உங்கடை பிள்ளையைத் தூக்கினால் அது சிரிக்கும். நான் பேரன் கண்ட மனுசன்" என்றார்.

தள்ளுவண்டியின் மேல் அவருக்குக் கோபம் ஏதும் இல்லை. அதை மடிக்கச் சொல்லவும் அவர் விரும்பவில்லை. "அந்தப் பிள்ளையின்ரை தாயும் ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் ஏற ஏலாது, நானும் ஏற ஏலாது. படி ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்" என்றார். ஏழு நீதியரசர் முன் வந்த வழக்கிலே இடம் ஒன்று, வேண்டுவோர் இருவர். எங்கள் பஸ்ஸிலே வழக்காடுவதற்கு அந்த ஓரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுமொழி சொல்லவில்லை.

லண்டனுக்குத் திரும்புமுன், பிரியாவிடை சொல்ல மீண்டும் கரவெட்டிக்குப் புறப்பட்டோம். பஸ் நிலையத்தில் ஏறுமுன்னரே அவள் குழந்தையை என் கையிலே தந்துவிட்டு வண்டியைக் குடை போல மடித்து ஆசனத்தின் கீழே செருகினாள். குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. கல்வியங்காடு வரை மடியில் நெளிந்தது. பிறகு பெருங்குரலெடுத்து அழத் தொடங்கிற்று. தற்செயலாக அதே நடத்துநர்.

"ஏன் அக்கா மடிச்சனீங்கள்? இஞ்சை இடம் கிடக்குத்தானே."

"இருக்கட்டும் தம்பி. கோப்பாயிலை ஆரும் ஏறுவினம்" என்றாள் அவள்.

கோப்பாய்த் தரிப்பிலே பஸ் நின்றது. இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் மரக்கறிக் கூடையோடு ஒரு கிழவியும் ஏறினர். நடத்துநர் மட்டும் வாசலில் நின்றபடி, வீதியின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, "றைட்" என்றார். குழந்தை வல்லை வெளிக் காற்றுப் படும்வரை அழுதது.